22 தீர்த்தம்... 22 இலக்கம்!

அக்னி தீர்த்தக் கடலில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலுக்குள் நுழைகிறது ஒரு குடும்பம். உள்ளே 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, கோடி தீர்த்தத்தில் முடிக்க வேண்டும்.

''அப்பத்தா, அந்தக் கிணறு பக்கத்துலதானே இருக்கு. அங்க மொதல்ல போனா என்ன?''

''வரிசைப்படிதான்டா போகணும்.''

வரிசையே இல்லாமல், இஷ்டப்படி போகலாம் என்றால் எத்தனை வழி இருக்கும்?

மூன்று கிணறு என்றால் 3 x 2 x 1 = 6 வழி. ஐந்து என்றால் 120. பத்து என்றால் 36,28,800. இப்படி 1 முதல் வரிசையாகப் பெருக்குவதைப் பள்ளிக் கணக்கில் 'காரணியப் பெருக்கம்' என்பார்கள்.

22 கிணறுகளுக்கு விடை: 1124000727777607680000.

உலக மக்கள்தொகை 2022-ல் 800 கோடியைத் தொட்டது. அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று முயன்றாலும், எல்லா வரிசைகளும் தீர 38 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

அந்த எண்ணில் எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பாருங்கள். சரியாக 22! கிணறும் 22, இலக்கமும் 22. இந்தப் பொருத்தம் எல்லா எண்ணுக்கும் வாய்ப்பதில்லை. 1, 22, 23, 24 ஆகிய நான்கு எண்களுக்கு மட்டும்தான். 21-க்கு 20 இலக்கம்தான் வரும். 25-க்கு 26 ஆகிவிடும். அதற்குப் பிறகு இலக்கங்கள் முந்திக்கொண்டே போகும்.

இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை. 22 வீடுகளுக்குப் பார்சல் கொடுக்கக் கிளம்பும் வண்டிக்கும் இதே சிக்கல்தான். எந்த வரிசையில் போனால் தூரம் குறையும், பெட்ரோல் மிச்சமாகும்? ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தால் ஆயுள் போதாது.

இதற்கு 1962-ல் ஒரு குறுக்குவழி வந்தது. ரிச்சர்ட் பெல்மன் ஒருபக்கமும், மைக்கேல் ஹெல்ட் - ரிச்சர்ட் கார்ப் ஜோடி இன்னொரு பக்கமும் அதைக் கண்டார்கள். யோசனை எளிமையானது. ஐந்து வீடுகளை முடித்துவிட்டு ஐந்தாவது வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். முதல் நான்கை எந்த வரிசையில் முடித்திருந்தாலும், இனி போக வேண்டிய பாதை ஒன்றுதான். ஆகவே, அதுவரை வந்த வழிகளில் குறைந்த தூரமுள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை மறந்துவிடலாம். இப்படிச் செய்தால் 22 இடங்களுக்குச் சுமார் 200 கோடி படிகளே போதும். இன்றைய கணினிக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆனால், இடம் ஒன்று கூடினால் வேலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். நூறு, இருநூறு இடங்கள் என்றால் இந்த வழியும் கைகொடுக்காது.

இன்னொன்று. கோடியைக் கோடியால் பெருக்கி, மறுபடியும் கோடியால் பெருக்கினால் 1-க்குப் பின்னால் 21 சைபர். மொத்தம் 22 இலக்கம். நம் விடை அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பேரன் கடைசியாக நனையும் கிணற்றின் பெயர்தான் என்ன? கோடி தீர்த்தம்!