காற்றுச் செடியும் கன்னித் தமிழும்

சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி எமது வகுப்புக்குச் சிறு செடியொன்றைக் கொண்டு வந்தாள். மண்ணின்றிச் சிப்பியொன்றில் அமர்ந்திருந்த அச்செடிக்குக் காற்றே போதும் என நம்பி யன்னலோரம் வைத்தோம். நீர் வார்க்க எவரும் நினைக்கவில்லை. மூன்றாந் தவணை முடியுமுன் அது காய்ந்து மடிந்தது. ஆசிரியராகிய எமக்கும் அத்தவற்றிற் பங்குண்டு.

தில்லாண்ட்சியா எனப்படும் இவ்வினம் அமெரிக்கக் கண்டங்களுக்குரியது. 600க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்டது. எலியாஸ் தில்லாண்ட்ஸ் என்னும் 17ஆம் நூற்றாண்டுப் பேராசிரியரின் நினைவாக லின்னேயஸ் இப்பெயரைச் சூட்டினார். கடற்பயணத்துக்கு அஞ்சித் தரைவழியே நெடுந்தூரம் சுற்றிச் சென்றவர் தில்லாண்ட்ஸ் என்பர். இச்செடியும் நீரை வெறுப்பதென லின்னேயஸ் கருதினாராம். அறிஞரும் தவறியதுண்டு!

உண்மையில் இலைகளிலுள்ள நுண்ணிய செதில்களே நீரை உறிஞ்சுகின்றன. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நீரில் அமிழ்த்தி, பின் தலைகீழாக உதறி, காற்றோட்டத்தில் உலரவிட வேண்டும். சிட்னிக் கோடையிலும், மெல்பேண் குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறைகளிலும் கூடுதல் நீர் தேவை. இலையடியில் நீர் தேங்கினால் அழுகும். மண்ணிற் புதைத்தாலும் அழுகும். செப்புக் கம்பியாற் கட்டலாகாது. செம்பு இதற்கு நஞ்சு.

புலம்பெயர்ந்த எம்மை வேரற்றோர், ஒட்டி வாழ்வோர் என இகழ்வோர் உளர். எமது ஊர் மாமரத்துக் குருவிச்சை மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி. காற்றுச் செடியோ மேலொட்டி. அதன் வேர் பற்றிக்கொள்வதற்கே. இந்நாட்டுக் கிழக்குக் காடுகளில் வளரும் மான்கொம்புப் பன்னமும் அத்தகையதே. தாங்கும் மரத்தை அவை உண்பதில்லை. ஆதலால் நமது பிள்ளைகள் நாணவேண்டியதில்லை.

ஆனால், பெற்றோரே, சொல்லவேண்டிய ஒன்றுண்டு. வீட்டுக் காற்றிலே தமிழ் தானாக வந்துவிடும் என்று சிலர் இருந்துவிடுகின்றனர். வார இறுதியில் நாம் கற்பிக்கும் சில மணி நேரம் மட்டும் போதாது. வேறு சிலரோ, தாம் பிறந்த ஊர்ப் பிள்ளையாகவே தம் பிள்ளையையும் ஆக்க முனைந்து, பழைய மண்ணிலே புதைக்கின்றனர். பேச்சுப் போட்டிக்குப் பொருளறியாத பக்கங்களை மனனஞ் செய்விக்கின்றனர். அப்பிள்ளை பதினைந்து வயதில் தமிழை வெறுத்து விலகுவதை நாம் கண்டிருக்கிறோம். இரண்டும் தவறு என்பதே எமது கருத்து.

நாள்தோறும் இராச் சாப்பாட்டின்போது பத்து நிமிடம் தமிழிற் பேசுங்கள். பிழை திருத்தாமற் கேளுங்கள். பின்னர் விளையாட விடுங்கள்.

இவ்வாண்டு வகுப்புக்குப் புதிய செடியொன்று வாங்கினோம். மாணவர் முறைவைத்து நீரில் அமிழ்த்துகின்றனர். அண்மையில் அது பூத்தது. ஒருமுறை பூத்த தாய்ச்செடி மெல்ல வாடிவிடும்; அதற்குமுன் பக்கத்தே கன்று ஈனும். எமது செடியிலும் சிறு கன்றொன்று எட்டிப்பார்க்கிறது. அதனை முதலிற் கண்டவள், சிப்பிச் செடியைக் கொண்டுவந்த அதே மாணவி. "சேர், குட்டி போட்டிருக்கு!" என்று கூவினாள், தமிழிலே.