சீசாச் சாறும் செக்கெண்ணெயும்

பச்சைக் காய்கறிகளை நறுக்கி, அவற்றின்மேல் ஏதேனும் ஒரு சாற்றை ஊற்றி உண்ணும் வழக்கம் நம் ஊர்களிலும் பரவி வருகிறது. சாலட் என்கிறார்கள். வரவேற்க வேண்டிய வழக்கமே. நாள் முழுதும் குழித்தறியில் அமர்ந்திருப்போர்க்குச் சோற்றைச் சிறிது குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது நன்மையே பயக்கும். ஆனால் அதன்மேல் ஊற்றுவதற்கென்று டிரெஸ்ஸிங், மயோனைஸ் என்ற பெயர்களில் சீசாக்களில் விற்கப்படும் பொருள்களைக் குறித்துக் கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நாம் சற்றே சிந்திக்க வேண்டியிருக்கிறது.

சீசாவின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சுத்திகரித்த சோயா எண்ணெய், தண்ணீர், சர்க்கரை, வினிகர் ஆகியவற்றோடு கெட்டிப்படுத்தும் பசையும், கெடாமல் காக்கும் மருந்தும் இருக்கும். இவை நஞ்சு என்று கூறுவார் உளர். அது நேர்மையான வாதமன்று. சட்டம் அனுமதித்த பொருள்கள்தாம் அவை. என் குறை வேறு. நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கிறது. சோயா எண்ணெய் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து வருவது. சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எள் மூட்டையை ஏலத்தில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் அந்த எண்ணெயைச் சீசா விலை கொடுத்து வாங்கி வருவது எந்தக் கணக்கில் சேரும்?

பச்சை முட்டையில் செய்த மயோனைஸால் நோய்க்கிருமி பரவும் அபாயம் கருதி, தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதனைத் தடை செய்ததும் நினைவிருக்கும். நமக்கு அது தேவையும் இல்லை. தயிர்ப் பச்சடியும் கோசுமல்லியும் செய்த கைகளுக்கு இது புதிய வித்தையன்று.

ஐவர் உண்ணும் காய்கறிக்கு நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு, கடுகுப் பொடி கால் தேக்கரண்டி, மிளகுத் தூள், நெல்லிக்காயளவு வெல்லம் ஆகியவற்றை மூடியுள்ள பாத்திரத்திலிட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். எண்ணெயும் சாறும் இயல்பாக ஒட்டுவதில்லை; கடுகுப் பொடிதான் இரண்டையும் சிறிது நேரம் பிணைத்து வைக்கிறது. உப்பைப் பரிமாறும் தறுவாயில் சேர்ப்பதே முறை. முன்கூட்டி இட்டால் வெள்ளரிக்காய் நீர் விட்டு, சாறு அடியில் நின்றுவிடும். எண்ணெய் வேண்டாமென்று ஒதுக்குவோர் உண்டு. காரட்டிலுள்ள கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெய்ப் பசையே இல்லாவிடில் அதில் பெரும்பகுதி உடலில் சேராது. எலுமிச்சையின் புளிப்போ, கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணை செய்கிறது.

வறுத்த எள்ளை அம்மியில் அரைத்துத் தயிரில் கலந்தால் மயோனைஸின் கெட்டித்தன்மை தானே வந்துவிடும். பூண்டு சேர்க்கலாம். ஆனால் பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து நாட்கணக்கில் வெளியில் வைக்கலாகாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கொடிய நச்சுக் கிருமி வளர இடமுண்டு. அந்தந்த வேளைக்கு அளவாகச் செய்வதே நலம்.

செக்கெண்ணெய் விலை அதிகம் என்பது மெய்யான ஆட்சேபம். கூலியை வாரக் கணக்கில் பெறும் சென்னிமலை நெசவாளர் ஒருவர் ஒரு லிட்டர் நல்லெண்ணெயை மொத்தமாக வாங்கத் தயங்குவதில் வியப்பில்லை. இங்கேதான் சங்கங்களின் கடமை வருகிறது. 2 மேசைக்கரண்டி என்பது ஏறத்தாழ 30 மில்லிதான். அதனைச் சில்லறையாக அளந்து தரும் பண்டகசாலை எத்தனை? சீசாவை அடுக்கி வைப்பது எளிது, அளந்து விற்பது தொல்லை என்ற ஒரே காரணத்தால் நம் அலமாரிகளில் சீசாக்கள் இடம்பிடித்திருக்கின்றன.

உழவர் சங்கம் தன் அங்கத்தினரின் எள்ளில் ஒரு பகுதியை வாங்கி, தானே செக்கிலாட்டி, நெசவாளர் சங்கப் பண்டகசாலைக்கு நேரே அனுப்பலாம். பிண்ணாக்கு உழவரின் மாட்டுக்கே திரும்பும். இருதிறத்தாரும் ஒரே மாவட்டத்தில் இருக்கையில் இடையில் தரகருக்கு என்ன வேலை? முதலில் 50, 100 மில்லி அளவைகளை வாங்கி வைத்து மூன்று மாதம் விற்றுப் பார்க்கட்டும். அளவைகளுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை முத்திரையிடும் செலவு இருக்கிறது. எண்ணெய் சிந்திக் குறைவதும் உண்டு. அவ்விரண்டையும் விலையில் எவ்வளவு சேர்ப்பது என்பதை அடுத்த மகாசபையில் அங்கத்தினர்களே முடிவு செய்யலாம்.