ரப்பரில் எழுதிய பெயர்

எழுபதைத் தாண்டியவன் படக்கதைப் புத்தகத்தைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இந்த முறை நான் எடுத்துக்கொண்ட விஷயமே சிரிப்புதான்.

ஜப்பான்காரர்கள் படக்கதையை மங்கா என்கிறார்கள். ஊறுகாய் போடும் மாங்காயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பதுதான் முதல் பக்கம். ஜப்பானுக்கு வெளியே மங்கா மிக அதிகமாக விற்கும் நாடுகளில் பிரான்சும் ஒன்று. அதனால் பிரெஞ்சு படித்த நம்மவர்களுக்கும் இவை எட்டுகின்றன.

நான் சொல்ல வந்தது 'கியேதா ஹட்சுகோய்' என்ற கதை. 'மறைந்துபோன முதல் காதல்' என்று பொருள். வட்டாரு ஹினெகுரே எழுத, அருகோ படம் வரைந்தார். 2019 முதல் 2022 வரை, பெண்பிள்ளைகளுக்கான ஒரு மாத இதழில் தொடராக வந்து 9 தொகுதிகளாக வெளியானது. 2021ல் ஜப்பானிலும் 2024ல் தாய்லாந்திலும் தொலைக்காட்சித் தொடராகவும் எடுத்தார்கள்.

கதை எளிது. அவோகி என்ற பள்ளி மாணவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் ஹஷிமோட்டோ என்ற பெண்ணின் மேல் ஆசை. வாய் திறந்து சொல்லத் துணிவில்லை. ஒருநாள் அவளிடம் ரப்பர் கடன் வாங்குகிறான். அதில் 'இடா' என்று எழுதி இதயக்குறி போட்டிருக்கிறது. இடா என்பவன் முன் இருக்கைப் பையன். மனத்துக்குப் பிடித்தவரின் பெயரை ரப்பரில் எழுதி, யாரும் பார்க்காமல் தேயும்வரை உபயோகித்தால் காதல் கைகூடும் என்பது ஜப்பானியப் பள்ளிப்பிள்ளைகளின் நம்பிக்கை. அவோகி மனமுடைந்து நிற்கும்போதே அந்த ரப்பர் இடாவின் கண்ணில் பட்டுவிடுகிறது. "இது உன்னுடையதா?" என்கிறான். ஹஷிமோட்டோவின் ரகசியத்தைக் காப்பாற்ற அவோகி, ஆமாம் என்று சொல்லிவிடுகிறான். அதாவது, ஒரு பையன் தன்னைக் காதலிப்பதாக இன்னொரு பையன் நம்பிவிட்டான்.

இனி என்ன நடக்கும் என்று நம் வயதுக்காரர்கள் எதிர்பார்ப்போம்? கேலி, அடி, தலைமையாசிரியர் அறை. அப்படி எதுவும் நடக்கவில்லை. வாலிபால் ஆடும் இடா ஒரு தனிப் பிறவி. எதையும் அப்படியே நம்புகிறவன். இதையும் மரியாதையாக எடுத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பிக்கிறான். அவன் யோசிப்பதைப் பார்த்து அவோகி பதறுகிறான். பதறிப் பதறியே ஒருநாள் அவோகிக்கு உண்மையாகவே இடாவைப் பிடித்துப்போகிறது. ஹஷிமோட்டோ விரும்பியதோ வேறொருவனை! அவள் அவோகிக்கு நல்ல தோழியாகி, கூட நின்று தைரியம் சொல்கிறாள். குழப்பத்துக்கு மேல் குழப்பம். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்றால், பழைய கோப்பைப் புரட்ட வேண்டும். ரொஜே பெய்ரெஃபித் எழுதிய 'லே அமித்தியே பர்த்திக்குலியேர்' நாவல் கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் இரண்டு மாணவர்களின் நேசத்தைப் பற்றியது. கடிதங்கள் விஷயம் பாதிரியாருக்குத் தெரிந்துவிடுகிறது. அவற்றைத் திருப்பித் தரும்படி பெரியவனை வற்புறுத்துகிறார். தான் கைவிடப்பட்டதாக எண்ணிச் சின்னவன் விஷம் குடித்துவிடுகிறான். 1964ல் இது திரைப்படமானது. அந்தப் படத்தைப் பார்த்த ஜப்பானிய ஓவியர் மோட்டோ ஹாகியோ, 1974ல் 'தோமாவின் இதயம்' என்ற மங்காவை வரைந்தார். அதன் தொடக்கத்திலேயே ஒரு மாணவன் உயிரை விடுகிறான். 1976ல் கெய்கோ தகெமியா தொடங்கிய 'காற்றும் மரமும் பாடும் பாட்டு' தென் பிரான்சில் ஒரு விடுதிப் பள்ளியில் நடக்கிறது. அங்கும் கடைசியில் சாவுதான். பையன்களின் காதலைச் சொல்லும் இந்த மங்கா வகையே அப்படித்தான் வேர்விட்டது.

அலுவலகத்தில் புது மாதிரியான விண்ணப்பம் வந்தால் நாங்கள் முதலில் முன்மாதிரியைத் தேடுவோம். இதுபோல் முன்பு வந்ததா, அதற்கு என்ன உத்தரவு போட்டார்கள் என்று பார்ப்போம். கூச்சமுள்ள ஒரு பையன் தன் மனத்தில் இருப்பது என்னவென்று தெரியாமல் கதைகளைப் புரட்டும்போதும் அதைத்தான் செய்கிறான். எந்தக் கோப்பைத் திறந்தாலும் முடிவில் சவப்பெட்டி என்றால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? ஆகவே ஒன்பது தொகுதிகள் முழுக்கச் சிரிக்கவைக்கும் இந்தக் கதையை நான் விளையாட்டாக நினைக்கவில்லை. அவனுக்கு இது வேறொரு முன்மாதிரி.

நிஜ வாழ்க்கை இவ்வளவு சுலபமா என்று கேட்கலாம். இல்லை. பிரான்சில் 2013ல் ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. இந்தக் கதை பிறந்த ஜப்பானில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இந்த மங்கா அந்த வழக்குகளுக்குள் போகவில்லை, பெரிய துயரங்களைக் காட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதன் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெய்ரெஃபித்தின் நாவலிலும் இந்த மங்காவிலும் முடிச்சு ஒன்றே: ஒரு பிள்ளையின் ரகசியம் இன்னொருவர் கையில் சிக்குகிறது. அங்கே கடிதம், இங்கே ரப்பர். அங்கே அது ஒரு பாதிரியாரின் கையில். நல்லது செய்வதாகத்தான் அவரும் நினைத்திருப்பார். இங்கே அது இடாவின் கையில். அவன் ஊரைக் கூட்டவில்லை, கேட்டுவிட்டு யோசித்தான். அதனால்தான் இது நகைச்சுவைக் கதையாக இருக்கிறது.

பிள்ளைகளை இந்தப் புத்தகங்கள் கெடுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கதையில் பெரும்பாலும் வருவது முகம் சிவப்பதும், வார்த்தை தடுமாறுவதும், சேர்ந்து வீட்டுக்கு நடப்பதும்தான். நம் சினிமாப் பாட்டுகளில் இதைவிட அதிகம் பார்த்திருக்கிறோம். பேரப்பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

ஒரு நோட்டோ கைபேசியோ, தவறி வந்த ஒரு வார்த்தையோ, ஏதாவது ஒன்று என்றாவது நம் கையிலும் சிக்கும். பள்ளிக்கூடத்துப் பையன் இடாவுக்கு முடிந்தது, பேரன் பேத்தி எடுத்த நமக்கு முடியாதா?