அந்தச் சம்பளத்தை நீங்களும்தானே எடுத்தீர்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு நாளாக ஓடும் கதைக்குப் பதில் என்பதால் சுருக்க முடியவில்லை.

"ஸ்ட்ரைக் எல்லாம் கட்சிக்காரன்ட வேலை, எங்கட ஆக்கள் அதுக்குள்ள போகத் தேவையில்லை" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். அதற்கு இருபது முப்பது பேர் கைதட்டி இமோஜி போட்டிருக்கிறார்கள். அந்த இருபது முப்பதில் ஆசிரியர்களும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தோம்.

2021 ஜூலை 12ஆம் திகதி ஒன்லைன் கற்பித்தலில் இருந்து விலகினோம். ஒக்டோபர் கடைசியில்தான் பாடசாலைக்குத் திரும்பினோம். நூறு நாளுக்கு மேல். கேட்டது புதிதாக ஒன்றையும் அல்ல. 1997இல் தொடங்கிய ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொன்னோம். 24 வருடத்தில் எத்தனை அரசாங்கம், எத்தனை குழு, எத்தனை அறிக்கை! பச்சை வந்தது, நீலம் வந்தது, மொட்டு வந்தது. மரமும் மயிலும் பல ஆட்சிகளில் ஏதோ ஒரு கதிரையில் இருந்தன. எவரும் தீர்க்கவில்லை.

அந்த நாட்களில் ஊரில் எங்களுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பது மறக்கவில்லை. "ஜே.வி.பி. சேர்மார்" என்றீர்கள். எங்களில் பாதிப்பேர் அதற்கு முந்திய வருடம் நடந்த தேர்தலில் ஜே.வி.பி. பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள். ஒருவர் மொட்டுக்காரர், அதுவும் வெளிப்படையான மொட்டுக்காரர். அவரும் லொகின் பண்ணவில்லை. சம்பளச் சீட்டுக்குக் கட்சி தெரியாது என்று அவர்தான் சொன்னார்.

இன்னொரு கேள்வியும் வந்தது. அது கொஞ்சம் வலிக்கிற கேள்வி. "எங்கட ஜனாஸாக்களை எரிக்கக்குள்ள இந்தச் சங்கங்கள் எங்க போன?" அப்போது ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கி நாலைந்து மாதம்தான். எரித்த சூடு எங்கள் நெஞ்சிலும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை நியாயமாகக் கேட்பதென்றால் முதலில் எங்கள் வீட்டு வாசலில் கேட்க வேண்டும். 2020 ஒக்டோபரில், எரிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 20ஆவது திருத்தத்துக்குக் கையுயர்த்திய முஸ்லிம் எம்.பி.மார் யாருடைய வாக்கில் போனவர்கள்? பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் சிங்களவர்களும் தமிழர்களும் இருந்தார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்லவில்லை. வந்தவர்களையாவது கணக்கில் எடுங்கள் என்கிறோம்.

ஜூலை 8ஆம் திகதி கொத்தலாவல சட்டமூலத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் நின்ற ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் பிடித்தார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்தது. பிணை கொடுத்த பிறகும் தனிமைப்படுத்தல் என்று சொல்லி முல்லைத்தீவுக்கு ஏற்றினார்கள். ஜனாஸாவை எரிக்கவும் கொரோனா, போராடுகிறவனை அடைக்கவும் கொரோனா. இரண்டிலும் ஒரே கையைக் கண்டவர்கள் ஊரில் குறைவு.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அதை மட்டும் நாங்கள் தட்டிக்கழிக்க மாட்டோம். நட்டம் நடந்தது. பெரிய நட்டம். ஆனால் அதற்கு முதல் இருந்த ஒன்லைன் படிப்பின் இலட்சணமும் உங்களுக்குத் தெரியும். ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் என்றால் சூமில் வந்தது பத்து, பன்னிரண்டு. ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் வாப்பாவோடு வேலைக்குப் போய்விடும். டேட்டாவுக்கு எங்கள் காசு, போன் எங்கள் காசு. சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகையில் வந்தபோது உச்சுக்கொட்டியதோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டோம். அந்தப் பத்துப் பிள்ளையையும் விட்டுவிட்டு நாங்கள் விலகியது சுலபமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். "சேர், நாளைக்கு கிளாஸ் இருக்கா?" என்று ஒரு பிள்ளை வொய்ஸ் போட்டால் பதில் போடக் கை வராது.

சரி, எங்கள் பக்க அழுக்கையும் சொல்லிவிடுவோம். பகலில் பகிஷ்கரிப்பு, பின்னேரம் காசுக்கு சூம் டியூஷன் என்று ஓடியவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள். பெற்றோர் எங்களைத் திட்டியதில் பாதி அவர்களால் வந்தது. அந்தத் திட்டு நியாயம். அதைத் தடுக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் அவர்களில் சிலர் எங்கள் கூட்டாளிமார்.

மற்றப் பக்கம், நூறு நாளும் விசுவாசமாக லொகின் பண்ணி, கலந்துகொண்டோரின் ஸ்க்ரீன்ஷொட்டை மேலிடத்துக்கு அனுப்பியவர்களும் இருந்தார்கள். இடமாற்றத்துக்கு எம்.பி.யின் கடிதம் வேண்டும், மகனுக்கு ஒரு நியமனம் வேண்டும். காரணங்களைத் தெரியும், அதனால் பேர் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. 2022 ஜனவரியில் சம்பளம் கூடியது. சுபோதினி அறிக்கை சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான், என்றாலும் கூடியது. போராடியவனுக்கு ஒரு சீட்டு, போராடாதவனுக்கு ஒரு சீட்டு என்று வலயத்தில் அடிக்கவில்லை. "இது ஜே.வி.பி. காசு, எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்த ஒருவரைக் காட்டுங்கள், இந்தப் பதிவை இப்போதே அழிக்கிறோம்.

மூத்தவர்களின் பயம் வேறு, அதை மதிக்கிறோம். 1980 ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு இறங்கிய சுமார் 40,000 பேரை ஜே.ஆர். அரசாங்கம் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை "மகன், தலையைக் குனிஞ்சு இருங்க" என்று சொல்வதில் பிழை காண முடியாது. ஆனால் அதே தலைமுறைதான் வியர்வை உலர முன் கூலி கொடு என்ற ஹதீஸை எங்களுக்குச் சொல்லித் தந்தது. கூலி தராதவனிடம் கேட்கப் போனால் மட்டும் ஏன் "சபூர் செய்யுங்கள்" என்கிறீர்கள்?

2022 மே 6 ஹர்த்தாலை நினைத்துப் பாருங்கள். பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. நாட்டின் எல்லாப் பக்கமும் கடை பூட்டினார்கள். அன்று எவரும் "இது எந்தக் கட்சி?" என்று கேட்கவில்லை. கேஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்று கால் வீங்கியிருந்தது. தன் அடுப்பு அணைந்தால் ஹர்த்தால், அடுத்தவன் அடுப்பு அணைந்தால் அரசியலா?

இப்போது திசைகாட்டிக்கார நண்பர்களுக்கு. கோபிக்க வேண்டாம், உங்களில் பலர் 2021இல் எங்களோடு நின்றவர்கள். அன்று முன்வரிசையில் நின்ற இலங்கை ஆசிரியர் சேவை சங்கத்தின் மஹிந்த ஜயசிங்க இன்று தொழில் பிரதியமைச்சர். நல்லது, சந்தோஷம். ஆனால் 2025 ஆகஸ்டில் தபால் ஊழியர்கள் கைரேகை விசயத்துக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்குமாக வேலைநிறுத்தம் செய்தபோது எங்கள் குழுமத்தில் "சதி", "சோம்பேறிகள்" என்று எழுதியது யார்? நீங்கள்தான். அவர்களது எல்லாக் கோரிக்கையும் சரி என்று நாங்களும் சொல்லவில்லை. கைரேகை வைப்பதில் என்ன குறை என்றுதான் எங்களுக்கும் தோன்றியது. அதற்காக, 2021இல் மொட்டுக்காரன் எங்களுக்குச் சொன்ன அதே இரண்டு சொல்லை எடுத்து அப்படியே தபால்காரனுக்குச் சொல்வதா?

மிச்ச மூன்றில் இரண்டு பங்கு இன்னும் நிலுவையில்தான் நிற்கிறது. அதைக் கேட்டு 2024 ஜூன் 26இல் சுகயீன லீவு போட்டுக் கொழும்பு கோட்டைக்குப் போனவர்கள் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்த் தாரையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது ஜனாதிபதி ரணில். இப்போது அவர் இல்லை, நிலுவை இருக்கிறது. மீண்டும் ஒரு நாள் அழைப்பு வரும்போது ஸ்டாஃப் ரூமில் யார் எந்தக் கட்சி என்று பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் ஆயத்தமில்லை.

கருத்துச் சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். "சேர் இப்ப மரமா, மயிலா?" என்று மட்டும் கேட்டு கமெண்ட் போட வேண்டாம்.