கரும்பு சோகை: கொளுத்துவதா, விற்பதா, வயலில் விடுவதா?

கரும்பு வெட்டி முடித்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இப்போது மாறிவிட்டது. முன்பு, 'சோகையைக் கொளுத்தினால் என்ன கெட்டுப்போகும்?' என்பார்கள். இப்போது, 'எரிபொருளுக்கு என்று கட்டு கட்டி எடுத்துப்போக ஆள் வருகிறார்கள், கொடுத்துவிடட்டுமா?' என்கிறார்கள். பஞ்சாபில் நெல் தாள் எரிந்தால் நாடே பேசுகிறது. நம் கரும்பு வயல் எரிவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதனால் இந்த முடிவை நீங்களே கணக்குப் போட்டு எடுக்க வேண்டியிருக்கிறது.

ஏக்கருக்குச் சுமார் 4 டன் காய்ந்த சோகை கிடைக்கும். அதில் தழைச்சத்து ஏறக்குறைய 16 கிலோ, சாம்பல்சத்து 16 முதல் 20 கிலோ, மணிச்சத்து கொஞ்சம், அங்ககக் கரிமம் ஒரு டன்னுக்கு மேல். 16 கிலோ தழைச்சத்து என்பது 35 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டை ரூ.266.50-க்குக் கிடைக்கும்போது அதன் மதிப்பு 200 ரூபாய்தான். எனவே 'உரம் மிச்சம்' என்று சொல்லி உங்களை இணங்க வைக்க நான் முயலவில்லை. ஒரு டன் கரிமத்தைத்தான் எந்தக் கடையிலும் மூட்டையாக வாங்க முடியாது.

கொளுத்தினால் கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் புகையாகப் போய்விடும். சாம்பல்சத்தாவது வயலில் மிஞ்சும். கட்டு கட்டி அனுப்பினால் அதுவும் வண்டியேறிவிடுகிறது. புகை இல்லை என்பதால் விற்பது நல்ல வழி என்று தோன்றும். காற்றுக்கு நல்லதுதான், உங்கள் மண்ணுக்கு அப்படி இல்லை.

தென்னாப்பிரிக்காவின் மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பைக் கொளுத்தி வெட்டும் திடலையும் சோகையை விட்டுவைக்கும் திடலையும் 1939 முதல் ஒப்பிட்டு வருகிறார்கள். சோகை கிடக்கும் திடலில் அங்ககப் பொருள் கூடியிருக்கிறது, அதுவும் முக்கியமாக மேல்மண்ணில். வெயிலில் இறுகிப்போவதும் தண்ணீரை உள்ளே விடாமல் ஓடவிடுவதும் இந்த மேல்மண்தான். கோடையில் பாசனம் தள்ளிப்போகும் நம் மறுதாம்புக் கரும்புக்குச் சோகை மூடாக்கு முதலில் கொடுப்பது ஈரம். களையும் இளங்குருத்துப் புழுவும் குறையும்.

'போட்டுப் பார்த்தேன் சார், பயிர் மஞ்சளாகிவிட்டது' என்று ஒரு விவசாயி சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். சோகையில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 70 பங்கு கரிமம் இருக்கிறது. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், பயிர் சில வாரம் பட்டினி கிடக்கும். மறுதாம்புக்குப் பரிந்துரைத்த கூடுதல் 25 சதவீதத் தழைச்சத்தை, கட்டை சீவிய 5 முதல் 7 நாளுக்குள் கொடுக்கச் சொல்வதை இந்த வயலில் தள்ளிப்போடாதீர்கள். யூரியாவைச் சோகை மேல் தூவினால் ஒரு பகுதி காற்றோடு போகும். தூர் ஓரம் மண்ணில் வைத்து மூடுங்கள்.

வாய்க்கால் பாசனத்தில் எல்லாச் சாலிலும் சோகையைப் பரப்பினால் தண்ணீர் பாயாது, ஆள் நடக்க முடியாது, கொளுத்தத்தான் தோன்றும். ஒரு சால் விட்டு ஒரு சாலில் போடுங்கள். சோகை இல்லாத சாலில் தண்ணீர் விடுங்கள், உரம் வையுங்கள். சொட்டுநீர் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தூளாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் சீக்கிரம் மட்கும். அறுவடை இயந்திரம் வெட்டிய வயலில் சோகை ஏற்கெனவே துண்டாகிப் பரவியிருக்கும், அங்கே தூர்களின் மேல் கிடப்பதை மட்டும் ஒதுக்கினால் போதும்.

செவ்வழுகல் நோய் வந்த வயலுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே சோகையையும் கட்டையையும் அப்புறப்படுத்தி எரிக்கத்தான் வேண்டும், மறுதாம்பும் விடக்கூடாது. தண்ணீர் தேங்கும் பள்ள வயலிலும் கனமாகப் பரப்ப வேண்டாம்.

பணத் தேவை இருந்து விற்கிறீர்கள் என்றால் முழுவதையும் வாரிக் கொடுக்காமல் பாதியை வயலில் நிறுத்துங்கள். வாங்குவது ஆலையாக இருந்தால், விலை பேசும்போதே பதிலுக்கு ஆலைக் கழிவு எத்தனை லோடு வயலுக்கு வரும், வண்டி வாடகை யாருடையது என்று கேட்டுவிடுங்கள்.