கருவியா, கணக்கா?



கிணற்று ஆழம் பார்க்காமல் மோட்டார் வாங்கும் விவசாயி நம் கொங்கு நாட்டில் உண்டுங்களா? கம்ப்யூட்டர் படிக்கும் நாம் சிலசமயம் அதைத்தான் செய்கிறோம்!

பல சர்வர்கள் ஒன்றுகூடித் தகவலைத் தேடித்தரும் மென்பொருள் எலாஸ்டிக்சர்ச். 2021-ல் அதன் உரிமம் மாறியதும், 7.10.2 பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச் பிரிந்தது. அதற்கு மாற ‘மைக்ரேஷன் அசிஸ்டன்ட்’ என்ற கருவியும் வந்தது. உடனே “அதையே போட்டுடலாம்” என்பது சரியா?

முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு? எலாஸ்டிக்சர்ச் 6-ல் உருவான இண்டெக்ஸை ஓப்பன்சர்ச் 1 ஏற்கும், 2 ஏற்காது. ஒவ்வொரு பதிவின் அசலும் உள்ளே சேமிக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் ரீஇண்டெக்ஸ் நடக்காது. ஓர் இரவு புதுப்பதிவை நிறுத்த முடியுமா? முடிந்தால், சிறிய அளவுக்குச் சாதாரண ரீஇண்டெக்ஸே போதும். நிறுத்தவே முடியாத இடத்தில்தான், வந்துகொண்டிருக்கும் கோரிக்கைகளைப் பிடித்துவைத்துப் புதிய கிளஸ்டரில் மறுபடி ஓட்டும் அந்தக் கருவிக்கு உண்மையான வேலை.

எதுவானாலும் ஒத்திகை பார்க்காமல், திரும்பிவர வழி வைக்காமல் இறங்காதீர்கள். தகவல் போனால் போனதுதான்! நாளை வேலைக்குப் போகும் நமக்கு, கருவியின் பேரைவிடக் கணக்குதானுங்க முக்கியம்!