புதிய பந்தை யாரிடம் கொடுப்பது?

எதிர்வரும் ஜூன் 12ஆம் திகதி இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் மகளிர் இருபதுக்கு 20 உலகக் கிண்ணம் ஆரம்பமாகிறது. இதுவரை பத்து அணிகள் ஆடிய தொடரில் இம்முறை பன்னிரண்டு அணிகள். முதல் போட்டியிலேயே இங்கிலாந்தைச் சந்திப்பது நமது இலங்கை அணி. எங்கள் வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தால், சாமரி அத்தபத்து எத்தனை ஓட்டங்கள் எடுப்பார் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் கேள்வி வேறு. நாம் பந்து வீசும்போது புதிய பந்தை யாரிடம் கொடுப்பது?

கிரிக்கெட் பார்க்காத தாய்மாருக்காக ஒரு சிறு விளக்கம். இந்த வகை ஆட்டத்தில் ஓர் அணி வீச வேண்டியது 120 பந்துகள், அதாவது 20 ஓவர்கள். ஒருவர் நான்கு ஓவர்களுக்கு மேல் வீச முடியாது. ஆகவே குறைந்தது ஐந்து பந்துவீச்சாளர்கள் தேவை. முதல் ஆறு ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்கள் மட்டுமே நிற்கலாம். துடுப்பாட்டக்காரர்கள் துணிந்து அடிப்பது அப்போதுதான். பந்து புதிதாக, காற்றில் வளையக்கூடியதாக இருப்பதும் அப்போதுதான். வேகமாக வீசத் தெரிந்தவருக்கு அந்த ஆறு ஓவர்கள் பொன்னானவை.

முதலில் நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம். சுழற்பந்தில் நாம் ஏழைகள் அல்லர். இடதுகைச் சுழற்பந்தில் இனோக்கா ரணவீரவும் சுகந்திகா குமாரியும் இருக்கிறார்கள். ஓஃப் ஸ்பின் வீசக் கவிஷா டில்ஹாரி, இளம் வீராங்கனை தெவ்மி விஹங்கா, அணித்தலைவி சாமரி ஆகியோர் உள்ளனர். பதினைந்து வயதிலேயே தேசிய அணிக்கு வந்த ஷஷினி கிம்ஹானி கிட்டத்தட்ட என் வயதுக்காரர். அவர் இடது கை மணிக்கட்டால் பந்தைச் சுழற்றுபவர். உலக மகளிர் கிரிக்கெட்டில் அப்படி வீசுபவர்கள் மிகச் சிலரே.

இந்தச் சுழற்பந்து என்ன செய்யும் என்பதைக் கடந்த ஆண்டு ஒருநாள் உலகக் கிண்ணத்தில் பார்த்தோம். 2025 செப்டெம்பர் 30ஆம் திகதி குவாஹாத்தியில் இந்தியாவுக்கு எதிராக இனோக்கா ஒரே ஓவரில் மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஹர்மன்பிரீத்தும் ஜெமிமாவும் அதில் அடக்கம். ஒக்டோபர் 20ஆம் திகதி நவி மும்பையில் பங்களாதேஷுக்குக் கடைசி ஓவரில் ஒன்பது ஓட்டங்கள் தேவைப்பட்டன. சாமரி தானே பந்தை எடுத்தார். அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகள் விழுந்தன, அவற்றில் ஒன்று ரன் அவுட். ஏழு ஓட்டங்களால் நாம் வென்றோம். அன்று எங்கள் வீட்டில் எழுந்த சத்தத்துக்கு அடுத்த வீட்டு மாமி கதவைத் தட்டி, "என்ன நடந்த?" என்று கேட்டார்.

ஆனால் குவாஹாத்திப் போட்டியின் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். இந்தியா 124 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை இழந்திருந்தது. அந்த இடத்தில் பழைய பந்தை வேகமாகக் கால்விரலுக்கு இறக்கக்கூடிய ஒருவர் இருந்திருந்தால் ஆட்டம் 180க்குள் முடிந்திருக்கும். நம்மிடம் அப்படி ஒருவர் இல்லை. ஏழாவது விக்கெட் இணைப்பு மட்டும் நூறு ஓட்டங்களைத் தாண்டியது. இந்தியா 47 ஓவர்களில் 269 ஓட்டங்கள் எடுத்தது. 59 ஓட்டங்களால் நாம் தோற்றோம்.

அந்த உலகக் கிண்ணத்துக்கு நாம் அனுப்பிய பதினைந்து பேரில் வேகமாக ஓடிவந்து வீசும் சிறப்புப் பந்துவீச்சாளர்கள் மூவர்தான்: உதேஷிகா பிரபோதனி, அச்சினி குலசூரிய, மல்கி மதாரா. உதேஷிகா 2009 முதல் நாட்டுக்காக ஆடுபவர். உலகக் கிண்ணம் தொடங்குவதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான் நாற்பது வயதை அடைந்தார். அந்த வயதிலும் இடது கையால் பந்தை வலதுகைத் துடுப்பாட்டக்காரரின் கால்களை நோக்கி உள்ளே வளைக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாற்பது வயதான ஒருவரையே இன்னமும் நம்பியிருக்க வேண்டிய நிலையைத்தான் குறை சொல்கிறேன். அச்சினியும் முப்பத்தைந்தைத் தொட்டவர். மூவரில் இளையவரான மல்கி 2025இல்தான் அறிமுகமானார். கடந்த டிசெம்பரில் இந்தியாவுக்குச் சென்று ஐந்து இருபதுக்கு 20 போட்டிகளிலும் தோற்றுத் திரும்பினோம். திருவனந்தபுரத்தில் நடந்த ஒன்றில் இந்தியா இரண்டே விக்கெட்டுகளை இழந்து 221 ஓட்டங்களைக் குவித்தது.

"இங்கிலாந்தில் நாம் சுழற்பந்தை நம்பி வென்றிருக்கிறோமே?" என்று என் நானா மடக்குவார். நியாயமான கேள்விதான். 2023 செப்டெம்பரில் செம்ஸ்ஃபோர்டில் இங்கிலாந்தை 104 ஓட்டங்களுக்கும், டெர்பியில் 116 ஓட்டங்களுக்கும் சுருட்டி, அந்நாட்டுக்கு எதிரான தொடரை முதன்முறையாக வென்றோம். அந்த வெற்றியை நான் மறக்கவில்லை. ஆனால் செப்டெம்பர் அங்கே பருவத்தின் கடைசி. ஆடி ஆடித் தேய்ந்த ஆடுகளங்கள். ஜூனில் புல் பசுமையாக இருக்கும், பந்து வளையும், எழும்பும். மூன்று ஆண்டுகளில் எதிரணிகளும் நமது சுழற்பந்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்திருக்கும். எனவே என் மதிப்பீடு இதுதான்: ஏழாவது ஓவரிலிருந்து பதினைந்தாவது ஓவர் வரை எந்த அணியையும் நம்மால் கட்டுப்படுத்த முடியும். முதல் ஆறும் கடைசி ஐந்தும் நமக்குக் கவலை. மல்கிக்குத் தொடர்ந்து வாய்ப்புக் கொடுத்து, ஓர் ஓவரில் அடி வாங்கினாலும் பந்தைப் பறிக்காமல் விட்டால் மட்டுமே அந்தக் கவலை குறையும்.

ஆயினும் மல்கி ஒருவர். அவருக்கு அடுத்தவர் எங்கே? அந்த இடத்தில்தான் கேள்வி எட்ஜ்பாஸ்டனை விட்டுக் கண்டிக்கு வருகிறது.

கண்டிக்குப் பந்துவீச்சு புதிதல்ல. 2007 டிசெம்பர் 3ஆம் திகதி அஸ்கிரிய மைதானத்தில் முத்தையா முரளிதரன் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை வீழ்த்தி ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையைத் தாண்டினார். பின்னர் 800இல் நிறுத்தினார். அந்த முரளி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்து வீசிய பையன். பதினான்கு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்னதால்தான் சுழற்பந்துக்கு மாறினார். நம் காலத்து மதீஷ பத்திரனவும் இந்த ஊர்ப் பிள்ளைதான், திரித்துவக் கல்லூரியின் மாணவர். அவருடைய வித்தியாசமான கைவீச்சை ஒரு பாடசாலை மைதானம் ஏற்றுக்கொண்டு வளர்த்தது.

இருவருக்கும் திறமை அல்லாஹ் கொடுத்தது. ஆனால் பன்னிரண்டு, பதினான்கு வயதில் கையில் கடினப்பந்து, பின்னால் ஒரு வலை, பக்கத்தில் பார்த்துத் திருத்த ஒரு கண், இவை மூன்றும் இருந்தன. அவற்றைக் கொடுத்தது பாடசாலை. வேகப்பந்து என்பது ஒரு தவணையில் படித்து முடிக்கும் பாடமல்ல. ஓட்டம், தாவல், முன்காலை ஊன்றுதல், தோள், மணிக்கட்டு எல்லாம் உடல் வளரும் வயதிலேயே பழக வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பிறகு முப்படைகளின் விளையாட்டுக் கழகமொன்றில் சேர்ந்து முதன்முறையாக ஓடிவரப் பழகுபவர், பத்து வயதில் தொடங்கியவரை எப்போது பிடிப்பது?

எங்கள் அக்குறணை வீட்டுக்கு முன்னால் ஓர் ஒழுங்கை இருக்கிறது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பள்ளம். பந்தைப் பள்ளத்துக்கு அடித்தவர் அவுட், இறங்கி எடுத்து வருவதும் அவரே. இதுதான் சட்டம். அந்த ஒழுங்கையில் நேராக வீசாமல் பிழைக்க முடியாது. அங்கே என் தங்கச்சி வீசும் டெனிஸ் பந்தை மாமியின் மகன்மார் பயந்துதான் ஆடினார்கள். சென்ற வருடம் மூத்தம்மா படிக்கட்டில் நின்று, "போதும் மகள், பெரிய புள்ள ஆகிட்டீங்க, உள்ளுக்கு வாங்க" என்றார். தங்கச்சி பந்தை மதில் மேல் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு வீசவில்லை. எனக்கும் அதே வயதில் அதேதான் நடந்தது. ஆனால் நான் அவளைப் போல் வேகமாக வீசியவள் அல்லள், அதனால் யாருக்கும் நட்டமில்லை.

மூத்தம்மா சொன்னதை நான் பிழை என்று எழுத வரவில்லை. தெரு எல்லோரும் போய்வரும் இடம். ஒழுங்கை வேண்டாம் என்றால், அதற்குப் பதிலாக மதில் கட்டிய ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் வாதம். அந்த இடம் பெண்கள் பாடசாலையைத் தவிர வேறு எது? நாம் வலைப்பந்தாட்டம் ஆடுகிறோம், எல்லே ஆடுகிறோம். எல்லே ஆட்டத்தில் தூரத்திலிருந்து குறி பார்த்து எறியும் பிள்ளைகளின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கைகளில் ஒன்றிலாவது ஒரு வேகப்பந்துவீச்சாளர் ஒளிந்திருக்க மாட்டாரா?

பெற்றோரின் தயக்கங்கள் எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் அவையே. முதலாவது உடை. ஸ்கொட்லாந்து தேசிய அணியில் லெக் ஸ்பின் வீசும் அப்தாஹா மக்சூத் ஹிஜாப் அணிந்தே சர்வதேசப் போட்டிகளில் ஆடுகிறார். 2024 உலகக் கிண்ணத்திலும் ஆடினார். இரண்டாவது, இது நமக்கு உரியதா என்ற கேள்வி. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப்போட்டி வைத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒழுக்கத்தைக் காத்துக்கொண்டு உடலைப் பலப்படுத்துவது நமக்கு அந்நியமானதல்ல. மூன்றாவது படிப்பு. வாரத்தில் ஒரு நாள் ஒன்றரை மணித்தியாலம் போனதால் எவரும் உயர்தரத்தில் தவறப் போவதில்லை. நான் ஒரு நாளைக்குக் கைபேசியில் அதைவிடக் கூடிய நேரத்தை வீணாக்குகிறேன் என்பதை உம்மா இதை வாசிக்கும்போது மன்னிக்க வேண்டும்.

2025 ஒக்டோபர் 2ஆம் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்தில் பங்களாதேஷின் மாருஃபா அக்தர், பாகிஸ்தானுக்கு எதிரான போட்டியின் முதல் ஓவரிலேயே அடுத்தடுத்த இரு பந்துகளில் இரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். இரண்டும் உள்ளே வளைந்து ஸ்டம்பைத் தட்டிய பந்துகள். அவருக்கு வயது இருபது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, வாப்பாவுடன் வயலில் உழைத்து வளர்ந்தவர். நம்மைவிட வசதி கூடிய இடத்திலிருந்து வந்தவர் அல்லர். யாரோ ஒருவர் உரிய வயதில் அவருடைய கையில் பந்தைக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சென்ற மாதம் கணிதப் பிரிவுத் தோழியரிடம் நீள அளவு நாடாவை இரவல் வாங்கி, வலைப்பந்து மைதானத்துக்கும் பின்மதிலுக்கும் இடையிலுள்ள நிலத்தை அளந்து பார்த்தேன். 41 மீற்றர் வந்தது. ஆடுகளத்துக்குத் தேவை 20 மீற்றரும் சொச்சமும். மீதி ஓடிவருவதற்குப் போதும். அதற்குமேல் தேவைப்படுவது ஒரு வலை, ஒரு சீமெந்துத் தளம், மகளிருக்குரிய அளவிலான ஆறு கடினப்பந்துகள், வாரம் ஒரு நாள் வந்து போக ஒரு பெண் பயிற்றுநர். பழைய மாணவிகள் சங்கமும் பெற்றோரும் சேர்ந்தால் முடியாத செலவல்ல.

இந்த ஜூனில் நமது சுழற்பந்து இரண்டொரு பெரிய அணிகளையாவது தடுமாறச் செய்யும் என்று நம்புகிறேன், இன்ஷா அல்லாஹ். முதல் ஓவரைப் பற்றிய என் கவலை இந்த ஜூனில் தீராது. தங்கச்சிக்கு இப்போது பதின்மூன்று வயது. அந்த 41 மீற்றரில் அடுத்த தவணையே வலை கட்டப்பட்டால், அவள் இன்னும் பிந்திவிடவில்லை.